மாட்டினங்கள் பிறந்த மண்ணும் நம் தொழுவமும்

ஒரு மாடு கறவைக்கா கறிக்கா என்பதை மேலிருந்து பார்த்தாலே பெரும்பாலும் சொல்லிவிடலாம். கறவை மாட்டுக்குத் தோள் ஒடுங்கியிருக்கும், இடுப்பு விரிந்திருக்கும், விலா எலும்பு இரண்டு மூன்று வெளியே தெரியும், தொடையில் சதை பிடித்திருக்காது. கறி மாடு முன்னும் பின்னும் ஒரே அகலம். முதுகு தட்டை, தொடை முழங்கால் வரை நிறைந்திருக்கும், மடி இருப்பதே தெரியாது. நன்றாகக் கறக்கும் ஹோல்ஸ்டீன் பசுவைப் பார்த்து "தீனி போடாம வத்த விட்டுட்டாங்க" என்று சொல்பவர்கள் நிறைய. அவர்கள் பார்ப்பது பட்டினியை அல்ல, அந்த இனம் உருவாக்கப்பட்ட விதத்தை.

தின்ற தீனி உடம்பில் எங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. கன்று ஈன்ற கறவைப் பசுவின் ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் உயர்ந்தும் இன்சுலின் தாழ்ந்தும் இருக்கும். அதனால் தீனியில் கிடைக்கும் சத்து சதைக்கும் கொழுப்புக்கும் போகாமல் மடிக்குத் திரும்புகிறது. முதல் இரண்டு மாதம் அது தின்பதைவிட அதிகமாகவே பாலில் இறக்குகிறது. குறையும் சத்துக்கு உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பு கரைகிறது. அந்தக் கரைச்சல் அளவு மீறினால் கீட்டோசிஸ் வரும். மாடு அடர்தீவனத்தை ஒதுக்கும், மூச்சில் ஒரு புளித்த பழ வாடை அடிக்கும், பால் திடீரென்று இறங்கும். கறி இனமான ஆங்கஸ் பசுவுக்கு இந்தத் தொல்லை அநேகமாக வராது. தன் கன்றுக்குப் போதுமான பாலோடு அது நின்றுவிடும், மீதியை முதுகிலும் தொடையிலும் ஏற்றிக்கொள்ளும்.

எந்த இனமும் ஏதோ ஒரு மண்ணில், ஏதோ ஒரு மேய்ச்சலில், ஏதோ ஒரு சந்தைக்காகப் பல தலைமுறை பொறுக்கி எடுக்கப்பட்டது. அந்த மூன்றையும் தெரிந்துகொள்ளாமல் வெறும் லிட்டர் கணக்கைப் பார்த்து மாடு வாங்குவதுதான் நம் பக்கத்தில் அதிக நஷ்டத்தைக் கொடுக்கிறது என்பது என் எண்ணம். அதனால் இனங்கள் பிறந்த இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

இரண்டு வேர்கள்

இன்றைய மாடுகள் எல்லாமே ஆராக்ஸ் என்ற காட்டு மாட்டின் வழி வந்தவை. கடைசி ஆராக்ஸ் போலந்தின் யாக்டோரூவ் காட்டில் 1627-இல் செத்தது. அதை மனிதன் பழக்கியது இரண்டு இடங்களில், தனித்தனியாக. யூப்ரடீஸ், டைகிரிஸ் ஆறுகளின் மேல்பகுதியில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பழக்கியது திமில் இல்லாத கிளை. சிந்து வெளியின் ஓரத்தில், பலுசிஸ்தானின் மெஹர்கர் பக்கம் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் பழக்கியது திமில் உள்ள கிளை. ஐரோப்பிய இனங்கள் எல்லாம் முதல் கிளை. காங்கேயம், ஓங்கோல், கிர், சாஹிவால் எல்லாம் இரண்டாவது. இரண்டையும் கலந்தால் பிறக்கும் கன்று, ஆணோ பெண்ணோ, நன்றாக இனப்பெருக்கம் செய்யும். உலகம் முழுக்கக் கலப்பினம் சாத்தியமானது இதனால்தான்.

பதிவேட்டில் பிறந்த மாடுகள்

இன்று நாம் சொல்லும் பொருளில் "இனம்" வந்தது 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில். லெஸ்டர்ஷயரின் டிஷ்லி பண்ணையில் ராபர்ட் பேக்வெல் (1725–1795) காளைகளைப் பசுக்களோடு சேர்த்து மேயவிடும் வழக்கத்தை நிறுத்தினார். எதற்கு எதைச் சேர்ப்பது என்று தானே தீர்மானித்தார். காளைகளைப் பிறருக்கு வாடகைக்கு விட்டு, அங்கே பிறந்த கன்றுகளைப் பார்த்துக் காளையை எடை போட்டார். நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைத்துக் குணத்தை நிலைநிறுத்தினார். அவருடைய லாங்ஹார்ன் மாடுகள் சீக்கிரம் கொழுத்தன, ஆனால் பால் குறைந்தது, சினைப்பிடிப்பும் குறைந்தது. ஒரு குணத்தை மட்டும் விரட்டிப் போனால் எது கைவிட்டுப் போகும் என்பதற்குப் பதிவான முதல் பாடங்களில் ஒன்று இது.

அவர் வழியைப் பின்பற்றிய காலிங் சகோதரர்கள், வடக்கில் டர்ஹம் பக்கம் ஷார்ட்ஹார்னை உருவாக்கினார்கள். அவர்களுடைய பெயர்போன காளை காமெட், 1804-இல் பிறந்தது. அதன் வம்சாவளி இப்படி: ஃபேவரிட் என்ற காளையை அதன் சொந்தத் தாயான ஃபீனிக்ஸுடன் சேர்த்தார்கள், யங் ஃபீனிக்ஸ் பிறந்தது. அந்தக் கிடாரியை மறுபடி அதன் தகப்பனான ஃபேவரிட்டுடனே சேர்த்தார்கள், காமெட் பிறந்தது. 1810-இல் அது 1,000 கினி (அன்றைய ஆங்கிலேயப் பணக் கணக்கு) விலைக்குப் போனது, அந்தக் காலத்தில் எந்த மாட்டுக்கும் கிடைக்காத விலை. 1822-இல் ஜார்ஜ் கோட்ஸ் ஷார்ட்ஹார்ன் வம்சாவளிப் பதிவேட்டை அச்சிட்டார். மாடுகளுக்கு வந்த முதல் பதிவேடு அதுதான். பிறகு தாமஸ் பேட்ஸ் அதே ஷார்ட்ஹார்னைப் பாலுக்காகவும், பூத் குடும்பம் கறிக்காகவும் பொறுக்கி இரண்டு வழியாகப் பிரித்தார்கள். ஒரே ரத்தம், இரண்டு நோக்கம், சில தலைமுறையில் பார்த்த மாத்திரத்தில் வேறு தெரியும் மாடுகள்.

ஜெர்சியின் கதை வேறு மாதிரி. அதை உருவாக்கியதில் சட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பிரெஞ்சு மாடுகளை ஜெர்சித் தீவில் இறக்கி, தீவு மாடு என்ற பெயரில் வரியில்லாமல் இங்கிலாந்துக்கு அனுப்பும் வியாபாரம் நடந்தது. அதைத் தடுக்கத் தீவு நிர்வாகம் 1763-இலும், இன்னும் கடுமையாக 1789-இலும் வெளி மாடுகள் இறங்குவதற்குத் தடை போட்டது. 2008-இல் வெளி விந்துக்கு அனுமதி தரும்வரை, இருநூறு ஆண்டுக்கு மேல் அந்தச் சின்னத் தீவின் மாடுகள் தங்களுக்குள்ளேயே பெருகின. தீவில் மேய்ச்சல் நிலம் குறைவு, சந்தையோ வெண்ணெய்க்கு. அதனால் உடம்பு சின்னதாகவும் கொழுப்பு அதிகமாகவும் உள்ள பசுதான் அங்கே நிலைத்தது. எடை சுமார் 400 கிலோ, கொழுப்பு 5 சதவீதத்தை ஒட்டி. தீனியில் உள்ள கரோட்டினை அதிகம் பாலுக்கு விடுவதால் வெண்ணெய் நல்ல மஞ்சளாக இருக்கும்.

ஜெர்சியோடு கூடவே வரும் ஒரு கோளாறு பால் ஜுரம். பெயரில் ஜுரம் இருந்தாலும் உடம்பு சில்லிட்டுப் போகும். மூன்றாம் ஈற்றுக்கு மேல், கன்று போட்ட இரண்டு மூன்று நாளுக்குள் வரும். சீம்பாலுக்குத் திடீரென்று கால்சியம் இழுபடும்போது எலும்பிலிருந்தும் குடலிலிருந்தும் வேகமாக எடுத்து ரத்தத்தை நிரப்ப வேண்டும். வயதான ஜெர்சியின் குடலில் வைட்டமின் டி ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் மற்ற இனங்களைவிடக் குறைவு என்பதால் அதற்கு இது தாமதமாகிறது. மாடு தள்ளாடும், காது குளிரும், பிறகு படுத்துக் கழுத்தை விலாப்பக்கம் மடக்கிக்கொள்ளும். கால்நடை மருத்துவர் வந்து கால்சியம் போரோகுளுக்கோனேட்டை நரம்பில் மெதுவாக ஏற்றினால் ஒரு மணி நேரத்தில் எழுந்துவிடும். அவசரப்பட்டு வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். நம் பக்கம் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: ஈனுவதற்கு முந்தைய மூன்று வாரம் கால்சியம் டானிக்கை ஊற்றுவது. அப்போது கால்சியம் தாராளமாகக் கிடைத்தால், எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையை உடம்பு அடக்கி வைத்துவிடும். ஈன்றதும் தேவைப்படும்போது அது விழித்துக்கொள்ள இரண்டு மூன்று நாளாகும். டானிக் ஈன்ற பிறகுதான்.

கறுப்பு வெள்ளையின் பலமும் பலவீனமும்

ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் வடக்கு நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்து, வடக்கு ஹாலந்து, அதையொட்டிய ஜெர்மானிய ஹோல்ஸ்டீன் பகுதிகளின் மாடு. கடல் மட்டத்து ஈரநிலம், கோடையிலும் குளிர்ந்த காற்று, எப்போதும் பச்சைப் புல். 1852-இல் மாசசூசெட்ஸைச் சேர்ந்த வின்த்ராப் செனரி ஒரு டச்சுக் கப்பலில் வந்த பசுவை வாங்கினார். கப்பல்காரர்கள் பாலுக்காகக் கூடவே கொண்டுவந்த பசு அது. அதன் கறவையைப் பார்த்துவிட்டு மேலும் மாடுகளை வரவழைத்தார். பின்னாளில் அமெரிக்காவில் பால் அளவுக்கென்றே பொறுக்கி எடுக்கப்பட்ட ஹோல்ஸ்டீன்தான் உறை விந்தாக உலகமெல்லாம் போனது. பசு 600 கிலோ தாண்டும், கொழுப்பு 3.5 முதல் 3.8 சதவீதம். நல்ல பண்ணையில் நாளுக்கு 30 லிட்டருக்கு மேல் கறப்பது அங்கே சாதாரணம்.

இவ்வளவு பெரிய இனத்துக்கு அடித்தளம் எவ்வளவு குறுகலானது என்பது பலருக்குத் தெரியாது. வட அமெரிக்காவில் விந்து எடுக்கப்படும் ஹோல்ஸ்டீன் காளைகளின் தகப்பன் வழியைப் பின்னோக்கிப் பார்த்தால், அநேகமாக எல்லாமே 1880-களில் பிறந்த இரண்டு காளைகளில் போய் முடிகின்றன. 1962-இல் பிறந்த பானி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப் என்ற ஒரே காளையின் பங்கு, இன்றைய ஹோல்ஸ்டீன் மரபுத்தொகுதியில் சுமார் 14 சதவீதம். அதற்கு 16,000 மகள்கள். அந்தக் காளை பாலோடு சேர்த்து ஒரு கெட்ட மரபணுவையும் கடத்தியது. தகப்பன் வழியிலும் தாய் வழியிலும் அது சேர்ந்து வந்தால் கரு வளராமல் கலைந்துவிடும். உலகம் முழுக்க ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கருச்சிதைவுகளுக்கு அது காரணம் என்று பிறகு கணக்கிட்டார்கள். கார்லின்-எம் ஐவன்ஹோ பெல் என்ற இன்னொரு காளை வழியாக, நோய் எதிர்ப்பு இல்லாமல் கன்று சாகும் ஒரு குறையும், முதுகெலும்பு கோணலான கன்று பிறக்கும் ஒரு குறையும் பரவின. இப்போது காளைகளை மரபணுச் சோதனை செய்து, குறையுள்ளவற்றை அடையாளம் போட்டுத்தான் விற்கிறார்கள்.

நம் ஊரில் ஹோல்ஸ்டீனின் முதல் எதிரி வெயில். அதன் உடம்புக்கு வசதியான வெப்பம் 5 முதல் 25 டிகிரி. 25-ஐத் தாண்டியதும், அதுவும் காற்றில் ஈரம் இருந்தால், மூச்சு வாங்கும், தீனி குறைக்கும். நார்த்தீனியைச் செரிப்பதிலேயே உடம்பில் சூடு உண்டாகும் என்பதால் முதலில் ஒதுக்குவது வைக்கோலைத்தான். நார் குறைந்து அடர்தீவனம் மட்டும் உள்ளே போனால் வயிற்றில் அமிலம் ஏறும், பாலில் கொழுப்பு இறங்கும், குளம்பில் வீக்கம் வரும். பருவத்துக்கு வருவதும் வெளியே தெரியாது. பகலில் கத்தாது, இரவில் சில மணி நேரம் மட்டும் அறிகுறி காட்டிவிட்டு அடங்கிவிடும். கோடையில் சினை ஊசி நிற்கவில்லை என்று சொல்லப்படுவதில் பாதி, பருவத்தைத் தவறவிட்டதுதான். கூரை உயரத்தைக் கூட்டி, மின்விசிறியும் தண்ணீர்த் தெளிப்பானும் சேர்த்து வைத்து, தீனியின் பெரும்பகுதியை மாலை ஆறுக்கு மேலும் விடியற்காலையிலும் போட்டால் ஓரளவு சமாளிக்கலாம். காற்றோட்டமே இல்லாத தொழுவில் தண்ணீர் மட்டும் தெளித்தால் ஈரம் கூடி நிலைமை இன்னும் மோசமாகும்.

ஜெர்சியா ஹோல்ஸ்டீனா என்று கேட்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். பாலை 4 சதவீதக் கொழுப்புக்குச் சமப்படுத்த, பால் கிலோவை 0.4-ஆல் பெருக்கி, அதிலுள்ள கொழுப்பு கிலோவை 15-ஆல் பெருக்கிக் கூட்டுவார்கள். 3.5 சதவீதத்தில் 20 கிலோ கறக்கும் ஹோல்ஸ்டீனில் கொழுப்பு 0.7 கிலோ. 8-ம் 10.5-ம் சேர்ந்து 18.5. 5 சதவீதத்தில் 15 கிலோ கறக்கும் ஜெர்சியில் கொழுப்பு 0.75 கிலோ. 6-ம் 11.25-ம் சேர்ந்து 17.25. பாத்திரத்தில் 5 கிலோ வித்தியாசம், சத்தில் ஒன்றேகால்தான். ஆனால் 600 கிலோ உடம்பைச் சும்மா நிறுத்தி வைக்கவே 400 கிலோ உடம்பைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் தீனி தேவை. சொசைட்டியில் கொழுப்புக்கும் இதர சத்துக்கும் பணம் கொடுக்கும் இடத்தில் ஜெர்சிக் கலப்பு நிற்கும். வீடு வீடாக லிட்டருக்கு ஒரே விலையில் ஊற்றுபவருக்குக் கறுப்பு வெள்ளைதான் லாபமாகத் தெரியும். தமிழ்நாட்டில் சமவெளிக்கு ஜெர்சி, நீலகிரி போன்ற மலைப்பகுதிகளுக்கு ஹோல்ஸ்டீன் என்று கொள்கை வகுத்ததற்கு வெப்பமும் தீனியும்தான் காரணம்.

அயர்ஷயரையும் கெர்ன்சியையும் விட்டுவிடுகிறேன், நம் பக்கம் அவை அநேகமாக இல்லை. பிரவுன் சுவிஸை மட்டும் சொல்ல வேண்டும். ஆல்ப்ஸ் மலைச் சரிவில் ஏறி இறங்கிய மாடு, காலும் குளம்பும் உறுதி, முதிர்ச்சி மெதுவாக வரும், சினைக்காலம் 290 நாளை ஒட்டி இருக்கும். 1963-இல் தொடங்கிய இந்தோ-சுவிஸ் திட்டத்தில் கேரளத்தின் மாட்டுப்பட்டிக்கு வந்து, உள்ளூர் மாடுகளோடு கலந்து சுனந்தினி உருவாக அடிப்படை ஆனது. பிறகு ஜெர்சி, ஹோல்ஸ்டீன் ரத்தமும் அதில் சேர்ந்தது.

கறிக்கென்றே வளர்ந்தவை

ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் கொம்பில்லாத கறுப்பு மாடுகளை ஹியூ வாட்சன், வில்லியம் மெக்கோம்பி இருவரும் பொறுக்கி வளர்த்து ஆபர்டீன் ஆங்கஸ் ஆக்கினார்கள். பதிவேடு 1862-இல் வந்தது. 1873-இல் ஜார்ஜ் கிராண்ட் நான்கு காளைகளைக் கான்சாஸுக்குக் கொண்டுபோனார். கொம்பில்லாமை ஓங்கு பண்பு என்பதால் எந்தக் கொம்புப் பசுவோடு சேர்த்தாலும் கன்று அநேகமாகக் கொம்பில்லாமல் பிறக்கும். பண்ணைக்கு அது பெரிய வசதி. கன்று சின்னதாகப் பிறக்கும், ஈற்று சுலபம், சதைக்குள்ளே மெல்லிய கொழுப்பு இழைகள் ஓடும். கறியின் மென்மைக்கும் சுவைக்கும் அந்த இழைகள் முக்கியம்.

ஹெர்ஃபோர்டு, வேல்ஸ் எல்லையில் ஏர் இழுத்துப் பிறகு கொழுக்க வைக்கப்பட்ட மாடு. சிவப்பு உடம்பு, வெள்ளை முகம். 1817-இல் ஹென்றி கிளே அமெரிக்காவுக்கு இறக்கினார். தானியம் இல்லாமல் வெறும் புல்லில் உடம்பு ஏறும் என்பதால் அமெரிக்க மேற்கிலும் அர்ஜென்டினாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பரவியது. கண்ணைச் சுற்றி நிறமி இல்லாதவற்றுக்கு வெயில் கடுமையான இடங்களில் கண் புற்று வரும். அதனால் கண்ணோரம் சிவப்பு வளையம் உள்ள காளையைத் தேடி வாங்குவார்கள்.

பிரான்ஸின் ஷரோலேயும் லிமூசினும் ஏர் மாடாக இருந்து கறிக்கு வந்தவை. எலும்பு பெரிது, கொழுப்பு குறைவு, எடை ஏறும் வேகம் அதிகம். பெல்ஜியன் புளூ இன்னும் ஒரு படி மேலே போனது. சதை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மயோஸ்டேட்டின் மரபணுவில் 11 எழுத்துகள் விடுபட்டுப் போனதால், சதை நார்களின் எண்ணிக்கையே கூடிவிடுகிறது. தொடை பிதுங்கி, தோலுக்கடியில் தசை வரி வரியாகத் தெரியும். விலையும் அதற்கேற்ப உண்டு. கன்றின் பின்பக்கம் பெருத்தும் தாயின் இடுப்பு வழி குறுகியும் இருப்பதால், தூய பெல்ஜியன் புளூ பசுக்களில் பெரும்பாலானவற்றுக்கு அறுவை செய்துதான் கன்றை எடுக்கிறார்கள். தானாக ஈன முடியாத ஒரு மாட்டை இனமென்று நிலைநிறுத்தியதை என்னால் ஏற்க முடியவில்லை.

வாகியூ ஜப்பானின் ஏர் மாடுகள். மெய்ஜி ஆட்சி வந்து கறி உண்ணும் வழக்கம் பரவிய பிறகு, ஐரோப்பிய இனங்களோடு கொஞ்ச காலம் கலந்து பார்த்தார்கள், பிறகு அதை நிறுத்தித் தங்களுக்குள்ளேயே பொறுக்கினார்கள். ஹ்யோகோ மாவட்டத்தின் தஜிமா வழிதான் கோபே கறிக்கு ஏற்கப்படுவது. சதைக்குள் கொழுப்பு படிய 30 மாத வயதை ஒட்டும்வரை தானியத் தீனியில் வைக்கிறார்கள். அதன் விலையில் பாதி அந்தக் காலநேரத்துக்குத்தான்.

கடல் கடந்த நம் மாடுகள்

இங்கிருந்து போன மாடுகளின் கதை நம் ஆட்களுக்கே அவ்வளவாகத் தெரியாது. டெக்சாஸ், லூசியானா கடற்கரையில் ஐரோப்பிய மாடுகள் வெயிலிலும் உண்ணியிலும் நலிந்தபோது, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து காங்க்ரேஜ், ஓங்கோல், கிர், கிருஷ்ணா பள்ளத்தாக்கு ரத்தத்தைச் சேர்த்துப் பிராமன் என்ற கறி இனத்தை உருவாக்கினார்கள். அதற்கான சங்கம் 1924-இல் வந்தது. பிரேசிலில் ஓங்கோல் நெலோர் ஆனது. பெயர் நெல்லூரிலிருந்து போனது. 1960-களின் தொடக்கம் வரை இங்கிருந்து காளைகள் போயின. இன்று பிரேசிலின் கறி மாடுகளில் பெரும்பங்கு நெலோர் ரத்தம்.

திமில் மாடு வெயிலைத் தாங்குவதற்குத் திமிலும் அலைதாடியும் காரணம் என்று பலரும் நம்புகிறார்கள். சிவப்பு சிந்திக் காளைகளில் இரண்டையும் அறுவை செய்து நீக்கிப் பார்த்த ஆய்வில், வெப்பத்தைத் தாங்கும் திறன் மாறவில்லை. உண்மையான காரணங்கள் உள்ளே இருக்கின்றன: உடம்பு உண்டாக்கும் சூடே குறைவு, வியர்வைச் சுரப்பிகள் பெரியவை, தோலின் மேற்பரப்புக்கு நெருங்கியவை, முடி குட்டையாகவும் வழவழப்பாகவும் இருக்கும். சூடு குறைவாக உண்டாவதற்கு விலையும் உண்டு. தின்பதும் குறைவு, பாலும் குறைவு. கறியிலும் அப்படித்தான். வெட்டிய பின் சதையை மென்மையாக்கும் நொதியைத் தடுக்கும் கால்பாஸ்டேட்டின் இவற்றில் அதிகம் என்பதால் கறி சற்று விறைப்பாக இருக்கும். பிராமனை ஆங்கஸோடு கலந்தது அதைச் சரிசெய்யத்தான்.

இந்தக் கலப்புகளில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், வெவ்வேறு நாட்டவர் தனித்தனியாக ஒரே விகிதத்தில் வந்து நின்றது. டெக்சாஸின் கிங் ராஞ்ச் பண்ணையில் உருவான சாண்டா ஜெர்ட்ரூடிஸ், எட்டில் ஐந்து ஷார்ட்ஹார்ன், எட்டில் மூன்று பிராமன். பிராங்கஸ், எட்டில் ஐந்து ஆங்கஸ், எட்டில் மூன்று பிராமன். பிரேசிலின் ஜிரோலாண்டோ, எட்டில் ஐந்து ஹோல்ஸ்டீன், எட்டில் மூன்று கிர். நம் ராணுவப் பண்ணைகளில் உருவான ஃப்ரீஸ்வால், எட்டில் ஐந்து ஹோல்ஸ்டீன், எட்டில் மூன்று சாஹிவால். சதவீதத்தில் 62.5. பாலும் சதையும் போதுமான அளவு வந்து, வெயிலையும் உண்ணியையும் தாங்கும் குணம் கைவிட்டுப் போகாத எல்லை ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது.

நம் தொழுவத்தில்

நாட்டுப் பசுவுக்கு ஜெர்சி ஊசி போட்டால் பிறக்கும் கிடாரியில் ஜெர்சி ரத்தம் 50 சதவீதம். அதற்கு மறுபடி ஜெர்சி போட்டால் 75, அதற்கும் மறுபடி போட்டால் 87.5. முதல் தலைமுறையில் ஒவ்வொரு மரபணு ஜோடியிலும் ஒன்று அந்தப் பக்கம், ஒன்று இந்தப் பக்கம். கலப்பு வீரியம், அதாவது இரண்டு இனம் கலப்பதால் கன்றுக்கு வரும் கூடுதல் பலம், முழுதாகக் கிடைக்கும் தலைமுறை அது ஒன்றுதான். 75-க்குப் போனால் அந்த வீரியம் பாதியாகும், வெயில் தாங்கும் குணமும் கூடவே குறையும். 50-க்கும் 50-க்கும் சேர்த்தாலும் ரத்த அளவு 50-இலேயே நிற்கும், வீரியம் மட்டும் பாதியாகும். கன்றுகளும் ஒன்று தாயைப்போலவும் ஒன்று பாட்டியைப்போலவும் சீரில்லாமல் பிறக்கும். முதல் கலப்பு நன்றாகக் கறந்ததே, இரண்டாவது ஏன் சரியில்லை என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். 75 சதவீதக் கிடாரி கையில் இருந்தால் 50 சதவீதக் கலப்பினக் காளையின் ஊசியைக் கேளுங்கள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 62.5 வரும்.

சின்ன உடம்புள்ள நாட்டுக் கிடாரிக்குத் தலையீற்றில் ஹோல்ஸ்டீன் ஊசி போடாமல் இருப்பது நல்லது. கன்று பெருத்து இடுப்பில் மாட்டினால் கன்றும் போகும், சில நேரம் தாயும் போகும்.

குஜராத்திலிருந்து கிர், பஞ்சாப்பிலிருந்து சாஹிவால் என்று பெரிய விலைக்கு இறக்குபவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவை சில. கன்று ஊட்டாமல் பால் இறங்காது. கன்று செத்தால் பெரும்பாலானவற்றில் கறவை அத்தோடு முடிந்தது. ஆள் மாறினாலும் மடியில் பாலை அடக்கிக்கொள்ளும். முதல் கன்று போட நான்கு வயது வரை ஆகலாம், அடுத்த ஈற்றுக்கு ஒன்றே கால் வருடத்துக்கு மேலும் ஆகலாம். ஒரு நாள் கறவையை மட்டும் வைத்து விலை பேசினால் இந்தக் காத்திருப்பு கணக்கில் வராது. பாலில் உள்ள பீட்டா கேசீன் என்ற புரதத்தில் ஏ1, ஏ2 என்று இரண்டு வகை உண்டு. நாட்டு மாட்டுப் பாலில் ஏ2 அதிகம் என்பது உண்மை. ஆனால் ஏ1 பாலால் நோய் வருகிறது என்று சொல்லத் தேவையான காரணத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-இல் சொன்னது. அதை வைத்து மட்டும் மாட்டின் விலையைத் தீர்மானிக்க வேண்டாம்.

காங்கேயத்தையும் உம்பளச்சேரியையும் பால் கணக்கில் கொண்டுவருவதே தவறு. ஓர் ஈற்றில் 500 லிட்டரைச் சுற்றித்தான் கறக்கும். காங்கேயம், கிளுவை வேலியும் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் உள்ள கொறங்காட்டில், வண்டிக்கும் கமலைக்கும் ஏருக்கும் என்று வளர்ந்தது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் பொறுக்கி வளர்த்ததில் அது சீரான இனமாக நிலைத்தது. கன்று சிவப்பாகப் பிறந்து ஆறு மாத வாக்கில் சாம்பலுக்கு மாறும். காளைக்குத் திமிலும் முன்காலும் பின்தொடையும் கறுத்துவரும், காயடித்தால் வெளுக்கும். உம்பளச்சேரி, டெல்டாவின் சேற்று வயலில் இறங்க ஏற்ற குட்டை உடம்பு. நெற்றியிலும் காலிலும் வெள்ளை உண்டு. பர்கூர் மலைக்காட்டுப் பட்டிகளின் மாடு. புலிக்குளம் கூட்டமாக மேய்ந்து வயலில் கிடை போடும் மாடு. டிராக்டர் வந்ததும் இவற்றின் வேலை போயிற்று. வேலை இல்லாத இனத்தைப் பாசத்தால் மட்டும் காப்பாற்ற முடியாது. கிடை எருவுக்கும், மழை பொய்த்த ஆண்டில் வெறும் தட்டையில் உயிர் தாங்கும் குணத்துக்கும், வண்டிக்கும் விலை கிடைக்கும் இடங்களில்தான் அவை நிற்கும்.

கலப்பினக் கறவை வாங்கும்போது பல்லைப் பாருங்கள். இரண்டு நிலைப்பல் இருந்தால் ஏறக்குறைய இரண்டு வயது, எட்டும் சேர்ந்துவிட்டால் நாலரையைத் தொட்டது. இரண்டாம் ஈற்று மாடுதான் வாங்க ஏற்றது. கறவையை ஒரு நாள் மாலையும் மறுநாள் காலையும் தொடர்ந்து பாருங்கள். ஒரு வேளை கறக்காமல் நிறுத்தி மடியைப் பெருக்கிக் காட்டுவது சந்தையில் வழக்கம். கறந்த பிறகு மடி சுருங்கித் தொங்க வேண்டும். கறந்தும் கெட்டியாக இருந்தால் அது சதை மடி, அல்லது பழைய மடிநோய். நான்கு காம்பிலும் முதல் இரண்டு பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள், திரி திரியாக இருந்தால் வாங்க வேண்டாம்.

ஊசி போடுவது காலையில் கத்தினால் மாலை, மாலையில் கத்தினால் மறுநாள் காலை. விந்துக் குச்சி 0.25 மில்லி, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் இருப்பது. வெளியே எடுத்ததும் 37 டிகிரித் தண்ணீரில் 30 வினாடி வைத்து உருக்க வேண்டும். கையிடுக்கிலோ வாயிலோ வைத்து உருக்கினால் விந்தணு செத்துவிடும். உருக்கிய குச்சியின் மேல் இனம், காளை எண், நிலையத்தின் பெயர், எடுத்த நாள் அச்சிட்டிருக்கும். ஊசி போட்டபின் அந்தக் காலிக் குச்சியைக் கேட்டு வாங்கி, காளை எண்ணைப் பசுவின் காது வில்லை எண்ணுக்கு எதிரே நோட்டில் எழுதுங்கள். இரண்டு இரண்டரை வருடம் கழித்து அதற்குப் பிறந்த கிடாரி பருவத்துக்கு வரும்போது, அதே காளையின் குச்சி மறுபடி வராமல் தடுக்க அந்த ஒரு வரி போதும்.